மூடி கழற்றிய டிரைவ்

தெரியாத டிஸ்க்கை உள்ளே வாங்கிய டிரைவ் கொஞ்ச நேரம் முக்கி முனகிப் பார்த்துவிட்டுக் கைவிட்டுவிடும். அதுதான் வழக்கம். சுற்றும், நிற்கும், உள்ளே இருக்கிற லென்ஸ் க்ளிக் க்ளிக்கென்று முன்னும் பின்னும் நகர்ந்து தேடும், மறுபடி சுற்றும், பிறகு எனக்குத் தெரியாதப்பா என்று ஒதுங்கிக்கொள்ளும். காலையில் போட்ட இந்த டிஸ்க்கை மட்டும் டிரைவ் கைவிடவில்லை. மழை பிடித்து, மழை விட்டு, திரும்ப மழை பிடித்து, மத்தியானம் சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அவள் வந்து உட்கார்ந்த பிறகும் அது தேடிக்கொண்டே இருந்தது.

கம்ப்யூட்டரும் அதோடு சேர்ந்து உறைந்துபோயிருந்தது. திரையில் அம்புக்குறி அசையவில்லை. எதைத் தட்டினாலும் கிணற்றில் போட்ட கல்தான். அவளுக்கு இது புதிதில்லை. வீட்டின் பின்னறையில் உட்கார்ந்து, ஊராருடைய பழைய டிஸ்க்குகளிலிருந்து கல்யாணத்தையும் பள்ளி நாடகத்தையும் போய்ச் சேர்ந்தவர்களின் சிரிப்பையும் எடுத்துப் புதிய இடத்தில் ஏற்றிக் கொடுப்பதுதான் அவள் பிழைப்பு. பக்கத்து வீட்டுச் சுவர் ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றதால் அந்த அறைக்குப் பகலிலும் விளக்கு வேண்டும். கணவன் கப்பல் வேலையில் எங்கோ தண்ணீரின் நடுவே இருந்தான். வீட்டில் அவளும் இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகளும்தான். பிறந்தபோது கையளவே இருந்ததால் மகளுக்குச் சுண்டு என்று பெயர் விழுந்து, அதுவே நிலைத்துவிட்டது. சாயங்காலம் பள்ளி வேன் வந்து ஹாரன் அடிக்கும்வரை வீடு வாயைத் திறக்காது.

டிஸ்க்கைக் கொண்டுவந்தவர் மெலிந்த மனிதர். நேற்று மாலை, குடை இருந்தும் நனைந்துபோய் வாசலில் நின்றார். எந்த மெஷினில் போட்டாலும் மெஷினே நின்றுபோகிறது என்றார். அவர் அதைப் பிடித்திருந்த விதம் அவளுக்குப் பிடித்திருந்தது. நடு ஓட்டையில் ஒரு விரல், விளிம்பில் கட்டைவிரல், பரப்பில் எங்கும் கை படவில்லை. மற்றவர்கள் சோற்றுத் தட்டைப் பிடிப்பது போலப் பிடித்து, ரேகையெல்லாம் பதித்துத்தான் கொண்டுவருவார்கள். நல்ல பழக்கம் உள்ள மனிதர் என்று நினைத்துக்கொண்டாள்.

"எப்படியாவது பாருங்கம்மா," என்றார். "அதுல என் பையன் இருக்கான்."

இந்த மாதிரி பேச்சுக்கு அவள் எப்போதும் விழுந்துவிடுவாள். பார்க்கிறேன் என்று வாங்கிக்கொண்டாள். படியிறங்கப் போனவர் திரும்பி உள்ளே எட்டிப் பார்த்தார். கூடத்துத் தரையில் குப்புறப் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்த சுண்டுவைப் பார்த்தார். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டு மழையில் இறங்கிப் போய்விட்டார்.

இப்போது அவள் பட்டனை அழுத்திப் பிடித்துக் கம்ப்யூட்டரை அணைத்தாள். திரை கறுத்தது. உள்ளே இருந்த விசிறி நின்றது. டிரைவின் பச்சை விளக்கும் அணைந்தது. டிஸ்க் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

வேகம் அடங்க நேரமாகும், சரி. அவள் காத்திருந்தாள். வெளியே கூரை விளிம்பிலிருந்து சொட்டும் தண்ணீர் கீழே கிடந்த வாளியில் விழுந்துகொண்டிருந்தது, சுவர் ஓரமாகப் பூனை ஒன்று ஈரக்காலை உதறிவிட்டுப் போனது, அடுக்களையில் குழாய் ஒருமுறை கமறியது. எல்லாச் சத்தத்துக்கும் அடியில் அந்தச் சுழற்சி இருந்தது. காதைக் கிட்டே கொண்டுபோனாள். சுற்றியது. நின்றது. க்ளிக், க்ளிக். மறுபடி சுற்றியது. சுவரிலிருந்து ஒயரைப் பிடுங்கினாள். அப்போதுதான் ஓய்ந்தது, அதுவும் உடனே இல்லை. விடைபெற்ற பிறகும் வாசலில் நின்று பேசுகிறவர்களைப் போல இழுத்து இழுத்து ஓய்ந்தது.

எங்காவது கரண்ட் தேங்கியிருந்திருக்கும் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டாள். அந்தச் சின்ன அறையில் அவள் குரல் கொஞ்சம் பெரிதாகக் கேட்டது.

டிஸ்க் சூடாக இருந்தது. விளக்கடியில் சாய்த்துப் பார்த்தாள். கீறல் இல்லை, பூஞ்சை இல்லை. எழுதப்பட்ட பகுதி கருநீலமாக உள்ளிருந்து விளிம்புக்குக் கொஞ்சம் முன்புவரை பரவியிருந்தது. குறை என்னவென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. முடித்து மூடாத டிஸ்க். பதிவு செய்கிறவர்கள் கடைசியில் இதோடு சரி என்று டிஸ்க்கை மூடிவிட வேண்டும். மூடினால்தான் உள்ளே என்ன எங்கே இருக்கிறது என்ற விவரம் முதல் வளையத்தில் பதியும். மூடாமல் விட்டால் பதிவு செய்த மெஷினைத் தவிர வேறெதற்கும் அது யாரோ எவரோதான். இன்னும் எழுதிக்கொள்ளலாம் என்று திறந்தே கிடக்கும்.

மெல்லிய துணியால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைத்தாள். சூடான பிளாஸ்டிக்கின் நெடிக்குள் இன்னொரு வாசனை வந்தது. ஈரத்தலை. இப்போதுதான் குளித்த யாரோ பக்கத்தில் நின்று கூந்தலை அவிழ்த்து உதறிய மாதிரி. அவள் காலையிலேயே குளித்துத் தலை காய்ந்துவிட்டது. தன் பின்னலை எடுத்து முகர்ந்துகூடப் பார்த்தாள். பிறகு தன்னைத்தானே திட்டிக்கொண்டு வேலையைப் பார்த்தாள்.

லேப்டாப்பில் போட்டாள். உறைந்தது. வெளியே செருகும் டிரைவில் போட்டு, வேகத்தைக் குறைத்துப் பார்த்தாள். உறைந்தது. இன்னொருத்தியாக இருந்தால் டிஸ்க்கை உறையில் போட்டு, முடியவில்லை என்று திருப்பிக் கொடுத்திருப்பாள். அவளுக்கு வீம்பு அதிகம். ஒரு வேலை கைக்கு அடங்கவில்லையென்றால் சோறு இறங்காது. இதைப் பற்றிக் கணவனுக்கும் அவளுக்கும் பழைய சண்டையே உண்டு.

மேஜைக்குக் கீழே ஒரு பழைய டிரைவ் இருந்தது. மூடி கழற்றி, உள்ளுறுப்பெல்லாம் தெரியும்படி திறந்தே வைத்திருந்தாள். மூடாத டிஸ்க்குக்கு அதில் ஒரு ஏமாற்று வேலை உண்டு. முதலில் நல்ல டிஸ்க் ஒன்றை அதில் வைக்க வேண்டும். டிரைவ் அதன் விவரத்தை வாசித்து, ஓகோ இவரா என்று தெரிந்துகொண்டு, ஓய்வெடுக்க நிற்கும். அந்த நேரம் பார்த்து, வெளியே தள்ளும் பட்டனைத் தொடாமல், டிஸ்க்கை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் காந்தப் பிடியைக் கையால் தூக்கி, நல்லதை எடுத்துவிட்டுத் தெரியாததை வைத்துவிட வேண்டும். ஆள் மாறியது டிரைவுக்குத் தெரியாது. பழைய ஆள் என்றே நம்பி இதை வாசித்துக் கொடுத்துவிடும்.

போன வாரம் இதைச் செய்தபோது சுண்டு கன்னத்தில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பாவம்மா அது," என்றாள். "வேற ஆளக் கொண்டுவந்து உக்கார வெச்சா அதுக்குத் தெரியாதா?"

"தெரியாது. முதல்ல பாத்த முகத்தையே நம்பிக்கிட்டு இருக்கும்."

"நான்னா கண்டுபிடிச்சிடுவேன்," என்று சொல்லிவிட்டு ஓடினாள். இவள் சிரித்துக்கொண்டே வேலையைத் தொடர்ந்தாள்.

இந்த ஏமாற்றுக்கு எந்த டிஸ்க்கையும் வைத்துவிட முடியாது. ஒரே கம்பெனியாக இருக்க வேண்டும், எழுதிய அளவும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். நடு ஓட்டையைச் சுற்றிப் பொடியெழுத்தில் இருந்ததைப் பூதக்கண்ணாடியால் படித்ததும் அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது. இந்த வகை தன்னிடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அலமாரி மேல்தட்டில், உறைமேல் கணவனின் கோணல் கையெழுத்தில் "சுண்டு நடந்தாள்" என்று எழுதியிருந்தது.

ஊராருடைய டிஸ்க்கையெல்லாம் நகலெடுத்துக் கொடுக்கிறவள் தன் வீட்டு டிஸ்க்கை ஒருநாளும் நகலெடுத்ததில்லை. நாளைக்கு, அடுத்த வாரம் என்று தள்ளிப்போட்டு வருஷங்கள் ஓடிவிட்டன. எடுக்கும்போது கை கொஞ்சம் தயங்கியது. என்ன ஆகிவிடும்? விவரத்தை வாசிக்கத்தானே போகிறது, எழுதப் போவதில்லையே. வைத்தாள்.

டிரைவ் உடனே அடையாளம் கண்டுகொண்டது. பச்சை விளக்கு நிலையாக நின்று எரிந்தது. திரையில் ஒரே ஒரு வீடியோவின் பெயர் வந்தது. மோட்டார் ஓய்ந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காந்தப் பிடியைத் தூக்கினாள். மகளுடைய டிஸ்க்கை எடுத்துவிட்டு அந்த மனிதருடைய டிஸ்க்கை வைத்தாள். பிடியை இறக்கினாள்.

சத்தமே இல்லாமல் சுற்றியது. தேடவில்லை. தடுமாறவில்லை.

வீடியோவைத் தட்டினாள். கொஞ்ச நேரம் இருட்டாகவே ஓடியது. பிறகு ஒரு அறை தெரிந்தது. எங்கேயும் இருக்கக்கூடிய அறைதான்: சாம்பல் நிறச் சுவர், ஒரு நாற்காலி, தரையில் ஜன்னலின் வெளிச்சம். படத்தின் இடது ஓரத்திலிருந்து இரண்டு கைகள் நீண்டிருந்தன. பெண்ணின் கைகள். குழந்தையைக் கூப்பிடும் கைகள். ஆள் தெரியவில்லை. கைகளின் மேல் நீளமான ஈரக்கூந்தல் விழுந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"வா," என்றது ஒரு குரல். தணிந்த, பொறுமையான குரல். "வா, வா. அம்மா கிட்ட வா."

அவருடைய மனைவி போலிருக்கிறது என்று நினைத்தாள். இனி அந்தப் பையன் வருவான். பார்த்ததும் போன் செய்து சொல்லிவிடலாம் என்று போனைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

வலது ஓரத்திலிருந்து குழந்தை வந்தது. மஞ்சள் கவுன். ஒரு காலில் சாக்ஸ், இன்னொரு கால் வெறுங்கால்.

சுண்டு.

அந்த ஒற்றைச் சாக்ஸை அவள் அறிவாள். இன்னொன்றைத் தேடி அன்று வீடே தலைகீழானது. அவளுடைய டிஸ்க்கில், அவளுடைய கூடத்தில், சுண்டு தத்தித் தத்தி வந்து தடுமாறி அவள் மடியில் விழுவாள். கேமராவைப் பிடித்திருந்த கணவன் சிரிப்பான், படம் குலுங்கும். இதில் யாரும் சிரிக்கவில்லை. படம் குலுங்கவில்லை. கேமராவுக்குப் பின்னால் யாரோ மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். குழந்தை தடுமாறாமல் அந்தக் கைகளை நோக்கி நடந்தது. கைகள் அதன் அக்குளைப் பற்றித் தூக்கின. தூக்கும்போது குழந்தை திரும்பி நேராக இவளைப் பார்த்தது.

படம் அங்கேயே உறைந்தது.

பழைய விவரமும் புதிய டிஸ்க்கும் கலந்துவிட்டன, கம்ப்யூட்டர் நினைவில் மிச்சமிருந்ததைக் காட்டுகிறது, அவ்வளவுதான், அவ்வளவுதான். தன்னுடைய டிஸ்க்கை எடுத்து லேப்டாப்பில் போட்டாள். எத்தனையோ தடவை ஓடிய டிஸ்க். சுற்றியது. நின்றது. க்ளிக், க்ளிக். மறுபடி சுற்றியது. லேப்டாப் உறைந்தது.

சுண்டுவின் டிஸ்க்கை அதற்குத் தெரியவில்லை.

கையிலிருந்த போன் அதிர்ந்தது. நேற்று வந்த மனிதர்தான்.

"ஓடிச்சாம்மா?" என்றார். "ஓடியிருக்கும்," என்று அவரே சொன்னார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. அவருக்குப் பின்னால் ஒரு சிறுவன் கரண்டியால் தட்டைத் தட்டிக்கொண்டிருந்தான். "என் பையன் இப்பத்தான் நிமிந்து பாத்து, அப்பா பசிக்குதுன்னான். இத்தனை மாசமா என்னை யாருன்னே தெரியாம பாத்துக்கிட்டு இருந்தான்மா."

"என்ன சொல்றீங்க நீங்க?"

"நானும் உங்க தொழில்தான். நானும் இதே டிஸ்க்குக்காக மூடியக் கழட்டினேன். அப்ப நல்ல டிஸ்க்குன்னு என் கையில இருந்தது என் பையனோடது." நிறுத்தினார். கரண்டிச் சத்தம் கேட்டது. "மன்னிச்சிடுங்க. எனக்கு வேற வழி தெரியல."

போன் அடங்கிவிட்டது. திரும்பக் கூப்பிட்டாள். கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அணைத்து வைத்துவிட்டார். நடு ஓட்டையில் ஒரு விரல், விளிம்பில் கட்டைவிரல். தொழில் தெரிந்தவன் பிடிக்கும் பிடி. கூடத்தில் படுத்திருந்த சுண்டுவை அவர் பார்த்த பார்வை இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. புரிந்ததும் அந்த மனிதரைச் சபிக்க வாயெடுத்து, சபிக்கக்கூட நேரமில்லை என்று டிரைவின் பக்கம் பாய்ந்தாள்.

காந்தப் பிடி அசையவில்லை. நகத்தால் நெம்பினாள். ஒயரைப் பிடுங்கினாள். டிஸ்க் சுற்றியது. விளிம்பு விரலைக் கீறி ரத்தம் தெறித்து, டிஸ்க்கின் மேல் வட்டமாகக் கோடிழுத்தது. மேஜையிலிருந்த பெரிய ஸ்க்ரூடிரைவரை எடுத்து ஓங்கினாள். ஓங்கின கை அப்படியே நின்றது.

அதில் சுண்டு இருக்கிறாள்.

உடைக்க முடியாது. உடைத்தால்? தெரியவில்லை. யாரைக் கேட்பது? தெரிந்த ஒரே ஆள் போனை அணைத்துவிட்டான். இரண்டு கையாலும் ஸ்க்ரூடிரைவரைப் பிடித்துக்கொண்டு, அழுதுகொண்டே, சுற்றும் டிஸ்க்கைப் பார்த்து நின்றாள். ஈரத்தலையின் வாசனை அறை முழுவதும் நிறைந்திருந்தது. விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனாலும் அலமாரிக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த மூலையில் நிழல் கொஞ்சம் அதிகமாக இருந்தது.

வாசலில் வேன் ஹாரன் அடித்தது.

ஓடினாள். பின்னறைக் கதவை இழுத்துச் சாத்திவிட்டுக் கூடத்தைக் கடந்து ஓடி வாசற்கதவைத் திறந்தாள். வேன் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு போய்விட்டது. படியில் சுண்டு நின்றாள். சிவப்பு மழைக்கோட்டு, முதுகில் பை, மூக்கு நுனியில் ஒரு துளி. எல்லாம் சரியாக இருந்தது. அவளுக்கு உயிர் வந்தது. முழங்காலிட்டு இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"சுண்டு. வாடா கண்ணு."

சுண்டு வரவில்லை. நிமிர்ந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அவள் கண்கள் நெற்றியிலிருந்து மோவாய்க்கு ஓடின. நின்றன. திரும்ப நெற்றிக்குப் போய், இடமும் வலமும் சின்னச் சின்னதாகத் துடித்து, மறுபடி மோவாய்க்கு இறங்கின. நின்றன. மறுபடி. முகத்தில் வேறெதுவும் அசையவில்லை. மூக்கு நுனித் துளியைக்கூட அவள் துடைக்கவில்லை.

"அம்மாடி, நான்தான். அம்மா."

கண்கள் ஓடின. நின்றன. ஓடின.

பிறகு சுண்டு ஒரு அடி பின்வாங்கினாள். முன்பின் தெரியாதவர்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்று இவள் சொல்லிக்கொடுத்திருந்தாளோ அப்படியே, மரியாதையாகக் கேட்டாள்.

"ஆன்ட்டி, எங்கம்மா இல்லையா?"

அவள் பாய்ந்து மகளின் தோள்களைப் பற்றினாள். சின்ன உடம்பு விறைத்தது. கையிலிருந்த ரத்தம் மழைக்கோட்டில் ஒட்டியது. சுண்டுவின் உதடு கோணிக்கொண்டது, பிள்ளை பிடிக்கிறவர்களிடம் மாட்டிக்கொண்ட குழந்தையாகத் திமிறினாள். ஐயோ, என்னைப் பாரு, என்னைப் பாரு என்று இவள் கெஞ்சினாள். பிடியை விட மனமில்லை. இறுக்கவும் மனமில்லை.

கூடத்துக்கு அப்பால், சாத்திய கதவு திறந்துகொண்டது.

"சுண்டு," என்றது தணிந்த குரல். "வா, வா. அம்மா கிட்ட வா."

சுண்டுவின் கண்கள் நின்றன. நிலையாக நின்றன. முகம் தெளிந்தது. அப்படி ஒரு சிரிப்பு வந்தது. பெற்றவளுக்குத்தான் தெரியும் அந்தச் சிரிப்பு எப்போது வரும் என்று.

தோள் கையிலிருந்து நழுவியது. சுண்டு ஈரக்காலணிகளைக் கழற்றினாள். ஒரு காலின் சாக்ஸையும் கழற்றிப் போட்டாள். கைகளை விரித்துக்கொண்டு, தத்தித் தத்தி, முதன்முதலாக நடக்கிறவளைப் போலக் கூடத்தைக் கடந்தாள். இவள் எழப் பார்த்தாள். கண்களைத் தவிர எதையும் அவளால் அசைக்க முடியவில்லை.

பின்னறையில் விளக்கு அணைந்திருந்தது. ஒயர் பிடுங்கிய டிரைவின் பச்சை விளக்கு மட்டும் நின்று எரிந்தது. அந்த வெளிச்சத்தில் கதவின் இடது ஓரத்திலிருந்து இரண்டு கைகள் நீண்டு, கீழே தாழ்ந்து, காத்திருந்தன. அவற்றின் மேலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்துகொண்டிருந்தது.